பட்டியல் கொடுத்தேனே, அது போதாதா?

கேள்வி: அம்மா, வணக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமம். எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான்தான். குடிமராமத்தும் (ஊரார் சேர்ந்து நீர்நிலைகளைத் தூர்வாரிப் பேணும் வழக்கம்) எங்கள் பகுதி வாய்க்கால்களும் பற்றி ஆய்வேடு எழுதிக் கொடுத்தேன். மென்பொருளில் போட்டுப் பார்த்ததில் 38 சதவீதம் ஒப்புமை வந்திருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ‘எது உன் சொல், எது பிறர் சொல் என்றே தெரியவில்லை’ என்று வழிகாட்டி சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். நான் கடைசியில் 42 நூல்களின் பட்டியல் கொடுத்திருக்கிறேன். எடுத்த இடங்களிலும் சொற்களை மாற்றித்தான் எழுதினேன். நான் திருடவில்லை அம்மா. பட்டியல் கொடுத்தேனே, அது போதாதா? என் தாத்தா சொன்னது, கல்வெட்டு, இணையத்தில் படித்தது இதையெல்லாம் எப்படிக் காட்டுவது? மூன்றாம் அத்தியாயத்தையும் பட்டியலையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மாணவர்)

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். ‘நான் திருடவில்லை அம்மா’ என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். நீங்கள் திருடவில்லை. அத்தியாயத்தைப் படித்தபோதே அது தெரிந்தது. எடுத்ததை மறைக்க நினைக்கிறவர் 42 நூலின் பெயரை எழுதிக் கையில் கொடுக்க மாட்டார். முப்பது வருஷம் கல்லூரி நூலகத்தில் இருந்தவள் நான். எம்.ஏ. வரை வந்தும், அடிக்குறிப்பு என்றால் என்ன, எதற்கு, எப்படிப் போடுவது என்று யாரும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்காத பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். சொல்லிக்கொடுக்காமல் விட்டது உங்கள் தப்பில்லை. ஆனால் உங்கள் வழிகாட்டி எழுதியதும் சரிதான். அதனால் திருத்தி எழுதத்தான் வேண்டும்.

முதலில் அந்த 38ஐப் பற்றிய பயத்தை எடுத்துவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2018ல் கொண்டுவந்த ஒழுங்குமுறையின்படி, 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். அதற்கு 6 மாதத்துக்கு மேற்படாமல் கெடு வைப்பார்கள். 40க்கு மேல் 60 வரை போனால் ஒரு வருஷம் திருத்திய பிரதியைக் கொடுக்கவே முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. நீங்கள் இரண்டாவது படியில் நிற்கிறீர்கள். அதோடு, உரிய முறையில் மூலம் காட்டிய மேற்கோள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, சட்ட வாசகங்கள் இவற்றையெல்லாம் கணக்கிலிருந்து விலக்கவும் அதே ஒழுங்குமுறை சொல்கிறது. தற்செயலாக ஒத்துப்போகும் 14 தொடர் சொற்கள் வரையும் அப்படியே. ஆகவே அறிக்கையைக் கேட்டு வாங்கி, எந்தெந்த வரியில் வண்ணம் அடித்திருக்கிறது என்று வரிவரியாகப் பாருங்கள். பட்டியலும் முன்னுரையும் கணக்கில் சேர்ந்திருந்தால் வழிகாட்டியிடம் சொல்லுங்கள்.

ஆனால் தம்பி, எண்ணைக் குறைப்பதற்காக மட்டும் உட்காராதீர்கள். மென்பொருள் சொற்களைச் சொற்களோடு ஒட்டிப் பார்க்கிறது, அவ்வளவே. உங்கள் அத்தியாயத்தில் அது பிடித்த இடங்களைவிட, பிடிக்காமல் விட்ட இடங்கள்தான் எனக்குக் கவலையாக இருக்கின்றன. அதற்கு வருகிறேன்.

பட்டியல் போதாதா என்று கேட்டீர்கள். உங்கள் ஊர் கடைமடை. தண்ணீர் வரவில்லை என்றால் உங்கள் அப்பா என்ன செய்வார்? மடை மடையாக மேலே ஏறிப்போய் எங்கே அடைத்திருக்கிறது என்று பார்ப்பார். கோரையாறா முள்ளியாறா, எந்த வாய்க்கால், எந்த மதகு என்று தெரிந்தால்தான் ஏறிப்போக முடியும். ‘காவிரியிலிருந்து வருகிறது’ என்று ஒருவர் சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஓர் அடி எடுத்துவைக்க முடியாது. கடைசிப் பக்கத்து 42 நூல் பட்டியல் அந்த மாதிரிதான் இருக்கிறது. உங்கள் 61ஆம் பக்கத்தில் ஒரு வாக்கியம் படிக்கிற ஆள், அது அந்த 42ல் எதிலிருந்து, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அந்த இடத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். பட்டியலும் வேண்டும், அடிக்குறிப்பும் வேண்டும். ஒன்று இருக்கிறது என்பதற்காக மற்றதை விட முடியாது.

அந்த 61ஆம் பக்கத்தையே எடுத்துக்கொள்கிறேன். ‘கரிகாலன் கல்லணை கட்டியதைப் பட்டினப்பாலை கூறுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அடிக்குறிப்பு இல்லை. இருந்திருந்தால் இந்த வாக்கியமே வந்திருக்காது என்பது என் எண்ணம். அடிக்குறிப்புப் போட வேண்டும் என்றால் எந்த அடி என்று பார்க்க நூலைத் திறக்க வேண்டும். பட்டினப்பாலை மொத்தம் 301 அடி. ஒரு சாயங்காலத்தில் படித்து முடித்துவிடலாம். காடழித்து நாடாக்கியதும், குளம் தோண்டி வளம் பெருக்கியதும் 283, 284ஆம் அடிகளில் வருகின்றன. கல்லணை அதில் எங்கேயும் இல்லை. கரிகாலன் காவிரிக்குக் கரை எடுத்தான் என்பதற்குச் சான்று வேண்டுமென்றால் செப்பேடுகளுக்குப் போக வேண்டும். தெலுங்குச் சோழன் புண்ணியகுமாரனின் மாலேபாடு செப்பேடு ஒன்று. முதலாம் ராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு இன்னொன்று. பின்னது தென்னிந்தியக் கல்வெட்டுகள் 3ஆம் தொகுதியில் 205ஆம் எண். இரண்டுமே கரிகாலனுக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. அவை பேசுவதும் கரையைப் பற்றி. கரை வேறு, அணை வேறு என்று டெல்டாக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கல்லணையைக் கரிகாலன் கட்டவில்லை என்று நான் சொல்லவரவில்லை. இல்லாத நூலின் தலையில் அந்தச் செய்தியை ஏற்ற வேண்டாம் என்கிறேன். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘கல்லணையைக் கரிகாலன் கட்டினான் என்பது வழிவழியாக வரும் செய்தி. பட்டினப்பாலை அவன் காடழித்துக் குளம் தோண்டியதைச் சொல்கிறது (283–284). காவிரிக்கு அவன் கரை எடுத்ததை, பின்னாளில் எழுந்த திருவாலங்காட்டுச் செப்பேடு குறிப்பிடுகிறது (தெ.இ.க., தொ. 3, எண் 205).’ வாக்கியம் கொஞ்சம் நீண்டுவிட்டது. முன்பிருந்த வீறாப்பும் இல்லை. ஆனால் இதை யாரும் அசைக்க முடியாது. மூலம் தேடப் போகிறபோது நம் வாக்கியமே மாறிவிடும். ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

இந்தப் பட்டினப்பாலைச் செய்தியை நீங்களாகக் கற்பனை செய்யவில்லை, வேறொரு புத்தகத்தில் படித்திருப்பீர்கள் என்றும் தெரியும். அங்கேதான் பெரிய வழுக்கல். ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒருமுறை ஓர் ஆய்வாளர் நூலகத்துக்கு வந்து பழைய நூல் ஒன்றைக் கேட்டார். ஐந்து ஆய்வேடுகளில் அந்த நூலின் 217ஆம் பக்கத்தை மேற்கோள் காட்டியிருந்தார்கள். அடுக்கிலிருந்து எடுத்துத் தூசி தட்டி இருவருமாகத் திறந்தோம். 217ஆம் பக்கத்தில் வேறு ஏதோ ஒரு கோயில் திருவிழா. முன்னும் பின்னும் புரட்டி, அரைமணி நேரம் கழித்து, தேடிய பத்தியை 127ல் கண்டுபிடித்தோம். முதலில் எழுதியவர் எண்ணை மாற்றிப் போட்டுவிட்டார். அடுத்த நால்வரும் நூலைத் தொடவே இல்லை. அவருடைய அடிக்குறிப்பை அப்படியே தங்களுடையதாக எழுதிக்கொண்டார்கள். அந்த நூல் அத்தனை வருஷமும் எங்கள் அடுக்கில்தான் இருந்தது. யாரும் இரவல் எடுக்காத அதன் தேதிச்சீட்டு வெள்ளையாக இருந்ததைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது.

ஆகவே எதைக் கண்ணால் பார்த்தீர்களோ அதைச் சொல்லுங்கள். வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியை வேறொருவர் எடுத்துக்காட்டி, அந்த வேறொருவரின் நூலைத்தான் நீங்கள் படித்திருந்தால், ‘நீலகண்ட சாஸ்திரி, மேற்கோள் காட்டியவர் இன்னார், ப. இத்தனை’ என்று எழுதுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முடிந்தால் மூலத்தையே போய்ப் பாருங்கள். முடியவில்லை என்றால் பார்த்த இடத்தைச் சொல்லுங்கள். பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவது மட்டும் கூடாது.

இனி, ‘சொற்களை மாற்றித்தான் எழுதினேன்’ என்றீர்களே, அதற்கு வருகிறேன். பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஒரு நூலில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘காவிரியின் வண்டல் ஆண்டுதோறும் வாய்க்கால்களில் படிந்ததால், தூர்வாருதல் ஊரார் அனைவரின் கூட்டுக் கடமையாக இருந்தது.’ இதை நீங்கள், ‘காவிரி ஆற்று வண்டல் வருடந்தோறும் கால்வாய்களில் தேங்கியதால், தூர் எடுப்பது கிராமத்தார் எல்லோருடைய பொதுப் பொறுப்பாக இருந்தது’ என்று எழுதினால் என்ன நடந்திருக்கிறது? ஆண்டு வருடமானது, வாய்க்கால் கால்வாயானது, கடமை பொறுப்பானது. எலும்புக்கூடு அவருடையது, சட்டை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். கீழே அடிக்குறிப்புப் போட்டாலும் இது சரியாகாது. கருத்து அவருடையது, சொல் உங்களுடையது என்று அந்த அடிக்குறிப்பு சொல்லும். சொல்லும் உங்களுடையது இல்லையே.

நான் மாணவர்களைச் செய்யச் சொல்வது இதுதான். பத்தியைப் படியுங்கள். புத்தகத்தை மூடிவிடுங்கள். வீட்டில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஆத்தா ‘இதில் என்ன போட்டிருக்கிறது’ என்று கேட்டால் எப்படிச் சொல்வீர்களோ, அப்படி எழுதுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து சரிபாருங்கள். அப்படி எழுதினால், ‘தூர்வாருவதை அவர் ஊர்ப் பொது வேலையாகப் பார்க்கிறார், வண்டலையே அதற்குக் காரணமாக்குகிறார். எங்கள் பகுதியில் நான் கேட்டறிந்தவரை, வண்டலைவிடக் கோரையும் ஆகாயத்தாமரையும்தான் பெரிய தொல்லை’ என்கிற மாதிரி ஏதோ ஒன்று வரும். முதல் பாதிக்கு அடிக்குறிப்பு. இரண்டாம் பாதி நீங்கள். உங்கள் வழிகாட்டி கேட்டதும் இந்தப் பிரிகோட்டைத்தான். அவருடைய சொற்றொடர் அப்படியே வேண்டும் என்று தோன்றுகிறதா? மேற்கோள் குறிக்குள் ஓர் எழுத்தும் மாற்றாமல் போடுங்கள். பழைய அச்சில் பிழை இருந்தாலும் பிழையோடு.

மென்பொருள் பிடிக்காமல் விட்டது என்றேனே, அது மொழிபெயர்ப்பு. உங்கள் 66 முதல் 70 வரையான பக்கங்களைப் படிக்கும்போது எனக்கு ஆங்கில வாக்கியங்கள் காதில் கேட்டன. பட்டியலில் 1883ஆம் ஆண்டுத் தஞ்சை மாவட்ட மேனுவல் (ஆங்கிலத்தில் வந்த மாவட்ட விவரநூல்) இருக்கிறது. வெங்கசாமி ராவ் எழுதியது. அதிலிருந்து பக்கம் பக்கமாகத் தமிழில் ஆக்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உழைத்திருக்கிறீர்கள், மறுக்கவில்லை. அந்தக் காலத்து ஆங்கிலத்தைத் தமிழாக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஆனால் மொழி மாறியதால் சொன்னவர் மாறிவிட மாட்டார். ‘மொழிபெயர்ப்பு ஆய்வாளருடையது’ என்று குறித்து, பக்க எண்ணோடு போட்டுவிட்டால் உங்கள் உழைப்புக்கும் மதிப்புக் கிடைக்கும், அவருக்குச் சேர வேண்டியதும் சேரும். தமிழில் வரும் ஆய்வேடுகளில் இந்த ஒன்றைத்தான் அதிகமாக மறைக்கிறார்கள். எந்தக் கருவியும் பெரும்பாலும் கண்டுபிடிக்காது என்பதால் துணிந்து செய்கிறார்கள். நீங்கள் அதைத் தெரியாமல் செய்திருக்கிறீர்கள். இனிமேல் தெரியும்.

அதே பக்கங்களில் இன்னொரு சிக்கல். ‘தஞ்சாவூர் கெசட்டியர், ப. 112’ என்று ஓர் இடத்தில் இருக்கிறது. எந்த கெசட்டியர்? 1883ல் வந்தது மேனுவல். 1906ல் ஹெமிங்வே தொகுத்தது கெசட்டியர். 1957ல் பாலிகா தொகுத்தது மாவட்டக் கையேடு. மூன்றையும் நம் பக்கத்தில் ‘பழைய கெசட்டியர்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மூன்றிலும் 112ஆம் பக்கம் உண்டு. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறும் இப்படித்தான்: முதலில் 1935லும் 1937லும் இரண்டு தொகுதியாக வந்தது, 1955ல் திருத்திய பதிப்பு வந்தது. பதிப்பைச் சொல்லாத பக்க எண் வெறும் எண்தான்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பத்துத் தடவை போயிருப்பீர்கள். விமானத்தின் அடியில் ராசராசனின் முதல் கல்வெட்டு, தென்னிந்தியக் கல்வெட்டுகள் 2ஆம் தொகுதியில் 1ஆம் எண், என்ன சொல்கிறது என்று படித்ததுண்டா? தான் கொடுத்ததை, தன் அக்கன் கொடுத்ததை, தன் பெண்டுகள் கொடுத்ததை, மற்றவர் கொடுத்ததைக் கல்லிலே வெட்டச் சொல்கிறான். எல்லாம் அரசன் கொடுத்தது என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? அதோடு நிற்கவில்லை. அந்தக் கல்வெட்டுகளில் பொன்னை நிறுத்த கல்லின் பெயர் ஆடவல்லான் என்றும், மணிகளை நிறுத்த கல்லின் பெயர் தட்சிணமேருவிடங்கன் என்றும் குறித்திருக்கிறது. எவ்வளவு என்பதோடு எந்தக் கல்லால் நிறுத்தது என்பதும் இருந்தால்தான் பின்னால் வருகிறவர் சரிபார்க்க முடியும். நான் பதிப்பாண்டைக் கேட்பதும் அதற்காகத்தான்.

கல்வெட்டை எப்படிக் காட்டுவது என்ற உங்கள் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அச்சில் படித்திருந்தால் தொகுதி எண், கல்வெட்டு எண். கல்வெட்டு ஆண்டறிக்கையிலிருந்து என்றால் எண், ஆண்டு. கோயிலுக்கே போய்ச் சுவரில் படித்திருந்தால் ஊர், கோயில், எந்தச் சுவர், நீங்கள் பார்த்த தேதி. வேறொருவர் நூலில் அதன் பாடத்தைப் படித்திருந்தால் அந்த நூல். பார்த்துப் பழக நல்ல மாதிரி வேண்டுமென்றால், கும்பகோணத்துக்குப் பக்கத்துத் திருப்புறம்பயத்தில் பிறந்த சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் வரலாற்றை எடுத்து, மேலே இருப்பதை விட்டுவிட்டு, கீழே அடிக்குறிப்புகளை மட்டும் பத்துப் பக்கம் படியுங்கள். ஒரு மன்னனின் ஓர் ஆட்சியாண்டைச் சொல்லக்கூட அவர் கல்வெட்டு எண் கொடுக்காமல் நகர மாட்டார். அவர் நூல்கள் நாட்டுடைமை ஆனவை. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். நாட்டுடைமை ஆனதென்றால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று அர்த்தம். எழுதியவர் பெயரைச் சொல்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் அடிக்குறிப்பு வேண்டுமா என்றால், வேண்டாம். மேட்டூர் அணை 1934ல் திறக்கப்பட்டது, முழுக் கொள்ளளவுக்கு 120 அடி, வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12 என்பதெல்லாம் டெல்டாவில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் எந்தெந்த வருஷம் ஜூன் 12க்கே திறந்தார்கள், எந்த வருஷம் தள்ளிப்போனது என்று ஓர் அட்டவணை கொடுத்திருக்கிறீர்களே, அதற்குக் கட்டாயம் மூலம் வேண்டும். உச்ச நீதிமன்றம் காவிரி நீரில் நம் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆக்கியதற்குச் செய்தித்தாளைக் காட்டியிருக்கிறீர்கள். தீர்ப்பே பொதுவில் கிடைக்கிறது: சிவில் மேல்முறையீடு எண் 2453/2007, தீர்ப்பு நாள் 16-2-2018. அதைத் திறந்து பத்தி எண்ணைப் போடுங்கள். குடிமராமத்தைக் கட்டாயமாக்கிய 1858ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அதேபோல் சட்டத்தின் பெயர், எண், பிரிவு.

நீங்கள் போட்டிருக்கிற கொஞ்ச அடிக்குறிப்புகளிலும் ‘மேலது’ (முந்தைய குறிப்பில் சொன்ன அதே நூல் என்று பொருள்) ஏகப்பட்டது. ஒரு சின்ன எச்சரிக்கை. திருத்தி எழுதும்போது பத்திகளை இடம் மாற்றுவீர்கள், நடுவில் புதிய அடிக்குறிப்பு ஒன்று நுழையும். அந்த நிமிஷமே அடுத்துள்ள ‘மேலது’ தவறான நூலைக் காட்ட ஆரம்பித்துவிடும், யாருக்கும் தெரியாது. உங்கள் 68ஆம் பக்கத்தில் ஒரு ‘மேலது’ இப்போதே ஒரு தினசரியைக் காட்டிக்கொண்டிருக்கிறது. ஆசிரியர் பெயர், சுருக்கத் தலைப்பு, பக்கம் என்று ஒவ்வொரு முறையும் எழுதிவிடுங்கள். மூலம் காட்டும் முறைகளில் ஒன்றான சிக்காகோ முறையின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பே ‘மேலது’ வகைக் குறிப்பை ஊக்குவிப்பதை விட்டுவிட்டது. எம்.எல்.ஏ. முறையா, ஏ.பி.ஏ. முறையா, சிக்காகோ முறையா என்று கேட்டால், உங்கள் துறை எதைக் கேட்கிறதோ அது; முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை அந்த ஒன்றே.

தமிழ்ப் பெயர்களில் மட்டும் அந்த முறைகள் சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்காதீர்கள். உ.வே. சாமிநாதையரில் ‘உ’ அவர் ஊரான உத்தமதானபுரம். ‘வே’ அவர் தகப்பனார் வேங்கடசுப்பையர். இரண்டும் குடும்பப் பெயர் இல்லை. பட்டியலில் சாமிநாதையர் என்று ‘ச’ வரிசையில் வர வேண்டும். உங்கள் பட்டியலில் ஒரே ஆசிரியர் தலைப்பெழுத்தில் ஒருமுறையும் பெயரில் ஒருமுறையுமாக இரண்டு ஆளாக நிற்கிறார். பழைய நூலில் ஆண்டு போடும்போதும் பார்த்துப் போடுங்கள். தலைப்புப் பக்கத்தில் ‘விரோதி வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அது 1889–90 ஆகவும் இருக்கலாம், 1949–50 ஆகவும் இருக்கலாம். தாளையும் அச்சையும் முன்னுரையையும் பார்த்து முடிவு செய்து, நூலில் உள்ளபடி விரோதி என்று எழுதி, நீங்கள் கணித்த ஆண்டைப் பகர அடைப்புக்குள் கொடுங்கள்.

இணையத்தில் படித்ததற்கு, பக்கத்தின் தலைப்பு, தளத்தின் பெயர், முகவரி, நீங்கள் பார்த்த தேதி. மதுரைத் திட்டத்தின் மின்னூலில் பக்க எண் இருக்காது என்றால் பாடல் எண்ணையும் அடி எண்ணையும் கொடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அச்சு நூலின் படமே இருந்தால், அச்சு நூலின் பக்க எண்ணையே கொடுக்கலாம். விக்கிப்பீடியாவை வழிகேட்கிற இடமாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் உள்ள மூலத்துக்குப் போய்ப் படித்துவிட்டு அதைக் காட்டுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பட்டியலில் 37, 39, 40 ஆகிய மூன்று நூல்களை எனக்குத் தெரிந்த எல்லா நூலக அட்டவணைகளிலும் தேடினேன். கிடைக்கவில்லை. தலைப்புகள் உங்கள் ஆய்வுக்கென்றே தைத்தது போல அளவெடுத்து இருக்கின்றன. சாட்ஜிபிடியிடம் ‘குடிமராமத்து பற்றி நூல்கள் சொல்’ என்று கேட்டு வாங்கியதா? அது இல்லாத நூலுக்கும் ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் போட்டுக் கொடுக்கும். பார்க்க அசல் மாதிரியே இருக்கும். கையில் எடுத்துப் பார்க்காத நூல் பட்டியலில் இருக்கக் கூடாது. 38 சதவீதத்தை மன்னிக்கிற தேர்வாளர்கூட இல்லாத நூலை மன்னிக்க மாட்டார். மூன்றையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கடைசியாக உங்கள் தாத்தா. அத்தியாயத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியவை 74, 75ஆம் பக்கங்கள்தான். முறை வைத்துத் தண்ணீர் விட்டது, இரவில் மடையில் காவல் படுத்தது, தூர்வார எத்தனை மா நிலத்துக்கு ஓர் ஆள் என்று கணக்கு வைத்திருந்தது. இது எந்த மேனுவலிலும் கிடைக்காது. ஆனால் அதையும் நீங்கள் ‘கூறப்படுகிறது’ என்று எழுதிவிட்டீர்கள். யாரால் கூறப்படுகிறது? அச்சில் வந்ததற்கு மட்டும்தான் மரியாதை என்று நினைத்துத் தாத்தாவை மறைத்துவிட்டீர்களோ என்று வருத்தமாக இருந்தது. வாய்மொழிச் சான்றும் சான்றுதான். அவர் பெயர், வயது, ஊர், தொழில், நேர்காணல் நடந்த இடம், தேதி, ஒலிப்பதிவு யாரிடம் இருக்கிறது என்பது வரை அடிக்குறிப்பில் கொடுங்கள். பட்டியலில் ‘நேர்காணல்கள்’ என்று தனித் தலைப்பு போடுங்கள். போடும் முன் அவரிடம் கேளுங்கள்: ‘தாத்தா, உங்க பேரப் புஸ்தகத்துல போடலாமா?’ வேண்டாம் என்றால் ‘தகவலாளர் 1’ என்று போட்டு வயதும் ஊரும் மட்டும் கொடுங்கள். தண்ணீர்த் தகராறு பற்றியும் சொல்லியிருக்கிறார். அதில் வேறு குடும்பங்களின் பெயர் வருகிறது. அந்தப் பெயர்களை எடுத்துவிடுங்கள். உயிரோடு இருப்பவர்களுக்குச் சங்கடம்.

இதுவரை ஒலிப்பதிவு செய்யவில்லை என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே கைபேசியில் பதிவு செய்யுங்கள். ஆரம்பத்தில் தேதியையும் இடத்தையும் உங்கள் குரலில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அவர் ‘மா’ என்று சொன்னால் ‘மா’ என்றே எழுதுங்கள். ஏக்கராக்குவது உங்கள் கணக்கு, அதை அடிக்குறிப்பில் வையுங்கள்.

திருத்திய மூன்றாம் அத்தியாயத்தை வழிகாட்டிக்குக் கொடுக்கும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். மேனுவல் பக்கங்களைக் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ பார்க்க முடியாமல் போனால் எந்தப் பக்கங்கள் வேண்டும் என்று எழுதுங்கள். ஸ்கேன் பிரதி கிடைக்கும் இடம் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நூலக அம்மா